மகளின் படகில் இரண்டு பேட்டரி

சின்னப் படகுக்கு எதற்கு இரண்டு பேட்டரி என்று நிறையப் பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நீங்களும் கேட்டதால் சொல்கிறேன். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும். மற்றது விளக்கு, கரையோடு பேசும் ரேடியோ, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு ஆகியவற்றுக்கு. நடுவில் ஒரு திருகு சுவிட்ச். ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, நிறுத்தம் என்று நாலு நிலை. ஒழுங்காகத் திருப்பி வைத்தால் இரண்டாவது காலியானாலும் முதலாவது நிறைந்திருக்கும், வீடு வந்து சேரலாம். முப்பது வருஷமாகப் படகுத்துறையில் எனக்கு இதுதான் வேலை. யாரும் குறை சொன்னதில்லை.

மகளுக்கும் நானே பொருத்திக் கொடுத்தேன். அக்கரை மருத்துவமனையில் நர்ஸ். தாயில்லாப் பிள்ளை, எனக்கு ஒரே மகள். சுவிட்சை எப்போதும் இரண்டும் சேர்த்தே வை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்படி வைத்தால் இரண்டும் ஒன்றாகவே சார்ஜ் இறங்கிப் போகும் என்று கற்றுக்குட்டிக்கும் தெரியும். சார்ஜ் போடுவதும் என் பொறுப்பு, அளந்துதான் போடுவேன். வழியில் ஒரு பாசித் திட்டு உண்டு. விசிறியில் பாசி சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, அறுத்தெடுத்துவிட்டு, மறுபடி கிளப்ப வேண்டும். கிளம்பாது. அங்கே செல்போனும் எடுக்காது. ரேடியோவுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

"அப்பா, மறுபடியும் நின்னுடுச்சுப்பா" என்பாள். நான் என் படகில் போய்க் கட்டி இழுத்து வருவேன். இப்படி ஏழு தடவை. வரும் வழியெல்லாம் மனம்விட்டுப் பேசுவாள். வீட்டில் அப்படிப் பேசமாட்டாள். அந்த ஏழு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவில்லை.

பிறகு அக்கரை மெக்கானிக் ஒருவன் மூக்கை நுழைத்தான். சுவிட்சை எப்படி வைப்பது என்று அவளுக்குக் காட்டினான். அதன் பிறகு படகு நிற்கவில்லை. ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்கப்பா. ஒண்ணாம் தேதி போறேன். இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது."

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சுவிட்சுக்குப் பின்னால் ஒரு வயரைப் போட்டு இரண்டு பேட்டரியையும் நிரந்தரமாக இணைத்தேன். இனி திருகு எங்கே நின்றாலும் ஒன்றுதான். நல்ல பேட்டரிகளை எடுத்துவிட்டு ஆயுள் முடிந்த இரண்டை வைத்தேன். ஒரு தடவை கிளம்பும், அதோடு சரி. ரேடியோவுக்குப் பத்து நிமிஷம் மிஞ்சும் என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை நான் போய் இழுத்து வந்தால் அவளே மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தேன்.

பம்பை மறந்துவிட்டேன். அன்று அவள் கிளம்பிய பிறகு காற்று எழுந்தது. அலை உள்ளே அடிக்க அடிக்கப் பம்பு தானாக ஓடி, மிச்சமிருந்ததையும் தீர்த்துவிட்டது.

பத்து மணிக்கு மாடி ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். படகு திட்டருகே நின்றிருந்தது. கீழே வந்து ரேடியோ முன் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குத்தான் பம்பு ஞாபகம் வந்தது. ரேடியோ செத்திருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். மாடிக்குப் போனேன். படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள். என் படகு துறையில் தயாராக இருந்தது, பதினைந்து நிமிஷ ஓட்டம். கூப்பிடாமலே போய் நின்றால் நான் இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன அர்த்தம்? அவள் வாயால் அப்பா என்று கூப்பிட வேண்டும். மறுபடி கீழே வந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்குப் பார்த்தபோது திட்டருகே எதுவும் இல்லை.

வயரை இணைத்தது நான். பேட்டரியை மாற்றியது நான். தெரிந்தும் உட்கார்ந்திருந்தது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் உடனே போயிருப்பேன்.