சேற்றில் ஒரு சக்கரம், பாறையில் ஒரு சக்கரம்

மருமகள்: கெட்டியாப் பிடிச்சுக்குங்க அத்தை...

அத்தை: எதுக்கு? ஜீப்புதான் நகரவே மாட்டேங்குதே! காடு மேடு எங்கயும் ஓடும்னு சொன்ன...

மருமகள்: ஓடும். பின்னாடி எந்தச் சக்கரம் சுத்துது, கொஞ்சம் எட்டிப் பாருங்க.

அத்தை: என் பக்கம்... ஐயோ, சேலையெல்லாம் சேறு! உன் பக்கம் அசையவே இல்ல.

மருமகள்: அது பாறை மேல நிக்குது. உங்களது வழுக்குற சேத்துல.

அத்தை: அப்ப பாறைல நிக்கிறதுதானே தள்ளணும்?

மருமகள்: தள்ளாது. நடுவுல டிஃபரென்ஷியல்னு ஒண்ணு இருக்கு. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கம் கம்மி. ரெண்டையும் அதது வேகத்துல விடுறது அதுதான்.

அத்தை: நல்லதுதானே?

மருமகள்: ரோட்டுல நல்லது. இங்க... எது லேசாச் சுத்துதோ அதையே சுத்த விட்டுடும். பிடிமானம் இருக்கிறது சும்மா நிக்கும்.

அத்தை: உன் மாமனாரும் அவர் தம்பியும் மாதிரி...

மருமகள்: அத்தை! சிரிக்க வைக்காதீங்க.

அத்தை: எறங்கித் தள்ளவா?

மருமகள்: உக்காருங்க. இந்த சுவிட்சைப் போட்டா ரெண்டும் ஒண்ணாப் பூட்டிக்கும். பாறைல நிக்கிறதும் சேர்ந்து சுத்தியே ஆகணும்.

அத்தை: எப்பவும் பூட்டியே வெச்சுக்கலாமே?

மருமகள்: அப்புறம் வளைவுல திரும்ப அடம் பிடிக்கும். டயரும் தேயும்... இருங்க, ஆக்சிலேட்டரை மெதுவாத்தான் குடுக்கணும்...

அத்தை: ஏறுது... ஏறுதுடி! யம்மாடி!

மருமகள்: இப்ப மூச்சு விடுங்க.

அத்தை: காலைல அந்தப் பசு வயித்துல கன்னு குறுக்க மாட்டினப்பவும் இப்படித்தான் இருந்த. ஒரு பதட்டம் இல்ல. ‘டாக்டரம்மா வரலன்னா ரெண்டும் போயிருக்கும்’னு அந்த வீட்டுக்காரர் சொன்னாரு பாரு...

மருமகள்: அது சரி... இன்னைக்கு ஏன் திடீர்னு என்கூட வந்தீங்க?

அத்தை: சும்மா... காத்தாட.

மருமகள்: அத்தை...

அத்தை: சரி, உன்கிட்ட என்ன ஒளிவு மறைவு. இந்த மாட்டு டாக்டர் வேலைய விட்டுடுன்னு பக்குவமாச் சொல்லத்தான் வந்தேன். உன் புருஷன்கிட்ட கூடச் சொல்லிட்டேன். ஆனா இனிமே அவனே விடச் சொன்னாலும் நீ விடாத. நான் இருக்கேன்.

மருமகள்: நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசினது என் காதுல விழுந்துச்சு அத்தை. நான் எதையும் சமாளிப்பேன்னு நீங்களே கண்ணால பார்க்கட்டும்னுதான், திரும்பும்போது நல்ல தார் ரோட்டை விட்டுட்டு, வேணும்னே இப்படிக் கூட்டிட்டு வந்தேன்!