பத்துக்கு மேல் விழுந்த புள்ளிகள்

வட்டமான கேக்கை ஏழு சம துண்டுகளாக வெட்டத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. எட்டு எளிது, ஆறு அதைவிட எளிது. ஏழுக்குக் கை பழக வேண்டும். என் மனைவி வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கத்தியை என்னிடம்தான் கொடுப்பார்கள். இருபது வருடங்களில் ஒரு குழந்தைகூடப் பக்கத்துத் தட்டைப் பார்த்து அழுததில்லை. கத்தியில் ஒட்டிக்கொண்ட கிரீமைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து முதல் அதுதான்.

குழுவில் மூன்று பேர். நடுவில் எங்கள் பகடையாட்டக் கழகத்தின் தலைவர், தொழிலால் பல் மருத்துவர், சட்டையில் 'தலைவர்' என்று வில்லை குத்தியிருக்கிறார். கழகத்தில் மொத்தமே முப்பத்தெட்டுப் பேர், அவர் யார் என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும். இருந்தாலும் வில்லை. நான் குறை சொல்லவில்லை. எனக்கும் முத்திரைகள் பிடிக்கும். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துவதுதான் என் உத்தியோகம்.

இந்த வாக்குமூலம் கோப்பில் இருக்கும், பின்னால் விவரம் தெரியாத யாராவது படிக்கக்கூடும் என்பதால் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் கூடம். ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஆட்டக்காரர்கள், கதையை நடத்த ஒருவர். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தாளில் எழுதிய ஓர் ஆள் உண்டு: வாள்வீரன், திருடன், மருத்துவச்சி, இப்படி. கதை நடத்துபவர் "பாலம் உடைகிறது" என்பார். பகடையை உருட்டினால் தாண்டினோமா விழுந்தோமா என்று தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் செய்ததற்கு அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேரத் தாளில் இருக்கும் ஆளுக்கு நிலை உயரும், பலம் கூடும். ஆறு மேசைக்கும் ஒரே உலகம் என்பதால் இந்த வாரம் மூன்றாம் மேசையில் இருந்தவர் அடுத்த வாரம் ஐந்தாம் மேசைக்கு அதே ஆளோடு போகலாம். ஆகவே எல்லாப் புள்ளிகளையும் ஒருவர் ஒரே பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

புள்ளிகளுக்கு வரம்பு வந்தது என் மச்சானால். மனைவியின் தம்பி. அப்போது அவன் வேலை தேடிக்கொண்டிருந்தான், வேலை அவனைத் தேடவில்லை. வாரம் முழுக்க எந்த மேசையில் ஆட்டம் இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருப்பான். ஒரே மாதத்தில் அறுபத்தொரு புள்ளி. அவனுடைய வாள்வீரன் குகைக்குள் தலையை நீட்டினாலே பூதங்கள் செத்து விழுந்தன. ஆறாம் மேசையில் கதை நடத்தும் பிளம்பர் ஒருநாள் பகடையைக் கீழே வைத்துவிட்டார்.

"இவரே எல்லாத்தையும் வெட்டிட்டா மத்த நாலு பேரும் என்ன, இவருக்கு விளக்குப் பிடிக்கவா வந்தாங்க?"

நியாயமான கேள்வி. மாதம் ஒருவருக்கு இருபது புள்ளிக்கு மேல் கிடையாது என்று நான் ஒரு விதி எழுதினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். மச்சான்கூடத் தூக்கினான்.

"சரி மச்சான், இருபதோட நிறுத்திக்கறேன். ஆனா நான் இருபத்தஞ்சு எடுத்தேன்னு வைங்க. அந்த அஞ்சு எங்க போகும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆவியாகிவிடும்," என்றார்.

கூட்டம் அத்துடன் முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. நாங்கள் பறிமுதல் செய்யும் போலி எடைக்கற்கள்கூட உருக்காலைக்குப் போய் வேறொன்றாகின்றன. ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, பகடை உருட்டிச் சம்பாதித்த புள்ளி எப்படி ஆவியாகும்? யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பாதுகாக்க வேண்டும் அல்லவா?

லாந்தர் பிறந்தது அப்படித்தான். மேசைக்கு ஐந்து பேர் கட்டாயம் என்று எங்கள் விதி. யாராவது வராவிட்டால் அந்த இடத்தை நிரப்ப நான் ஓர் ஆளை எழுதி வைத்தேன். முதல் நிலை. ஆயுதம் இல்லை, கையில் ஒரு லாந்தர் விளக்கு. பேசமாட்டான். பின்னால் வருவான், வெளிச்சம் காட்டுவான். அவன் தாளின் தலைப்பில் 'கழகத்தின் சொத்து' என்று எழுதினேன். வரம்பு விதி 'உறுப்பினர் ஒருவருக்கு' என்றுதான் சொல்கிறது. சொத்து உறுப்பினர் ஆகாது. எல்லோருடைய மிச்சத்தையும் அவன் கணக்கில் போட்டு வைத்தேன். 'தற்காலிகமாக' என்று சிவப்பு மையில் குறிப்பும் எழுதியிருக்கிறேன். குழு சரிபார்க்கலாம்.

பிறகு நியாயம் வளர்ந்தது. ஷிப்டு வேலைக்காரர்களை உத்தேசித்து வரம்பு பதினாறு ஆனது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களை உத்தேசித்துப் பதினான்கு. ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை ஒட்டினேன், ஒவ்வொரு முறையும் கை தூக்கினார்கள். வரம்பு குறையக் குறைய நியாயம் கூடியது. மிச்சமும் கூடியது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இனி சைரன் அக்காவைப் பற்றி.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. தாளில் அவர் ஒரு மருத்துவச்சி. மருத்துவச்சிக்கு ஒரு கழுதை இருந்தது, அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்ன பேச்சு கேக்காது, ஒரு வேலையும் செய்யாது, ஆனா எங்க போனாலும் பின்னாடியே வந்து நிக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். முதல் வருடமே பகடையில் ஒன்று விழுந்து முதலாளியை டிராகன் தின்றுவிட்டது. மூன்று வருடக் கதையின் கடைசி எதிரி அதே டிராகன்தான். அக்கா அன்றிலிருந்து அதற்காகத்தான் ஆடினார்.

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு பெருங்கதையின் முடிவிலும் கடைசி எதிரியை வீழ்த்துகிறவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். அதைப் பெயரோடு பலகையில் பெயின்டில் எழுதுவோம். சுற்றறிக்கையால் மாற்ற முடியாத ஒரே பொருள் கழகத்தில் அந்தப் பலகைதான். ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொள்ளும் இடத்தில் அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"என் வாக்கியம் ரெடி சார். டிராகன் செத்து விழும்ல, அப்ப மருத்துவச்சி பக்கத்துல போய் நின்னு சொல்லுவா: 'முதலாளி அனுப்பி வெச்சார்.' எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. அந்தக் கடைசி நாள் வரைக்கும் சொல்லவில்லை.

டிராகனோடு மோதும் கடைசி ஆட்டத்து மேசையில் உட்கார முந்நூறு புள்ளி வேண்டும். நான்கு பேர் முன்பே தொட்டுவிட்டார்கள். என் மச்சான் ஒருவன், தலைவர் ஒருவர், வேறு இருவர். மாதம் ஒருமுறை மட்டுமே வரும் தலைவர் முந்நூறைத் தொட்டது எப்படி என்று இந்தக் குழுவிடம் நான் கேட்கப்போவதில்லை. அக்காவிடம் இருநூற்று எண்பத்தெட்டு. அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல், உத்தரவு வந்துவிட்டது. ஆகவே மிச்சமிருந்த ஒரே மாதத்தில் ஷிப்டுகளை மாற்றிக்கொண்டு நான்கு ஞாயிறும் வந்தார்.

மூன்றாம் ஞாயிறு நான் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தேன். வரம்பு பத்து, இம்மாதம் முதல் தேதியிலிருந்து.

"பன்னண்டுன்னு வைங்களேன் சார், என்ன கெட்டுப் போகுது?" என்றார் பிளம்பர்.

"பத்து என்றால் ஒரு முழுமை இருக்கிறது," என்றேன்.

தலைவர் தலையசைத்தார். "பத்தில் ஒரு கம்பீரம் உண்டு."

கம்பீரத்துக்கு எதிராக யார் கை தூக்குவார்கள்? நான்காம் ஞாயிறு முடிந்ததும் அக்கா தன் புள்ளி அட்டையோடு என் மேசைக்கு வந்தார்.

"பதினாலு எடுத்திருக்கேன் சார். பத்துதான் ஏத்தியிருக்கீங்க."

"நான் குறைக்கவில்லைம்மா. வரம்பு குறைத்திருக்கிறது."

"வரம்ப யாரு போட்டது?"

"விதிக்குழு."

"விதிக்குழுல யார் யாரு?"

"இப்போதைக்கு நான்."

அவர் அட்டையைப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசி ஆட்டத்தன்று தேநீர் கொடுக்க வரட்டுமா என்று மட்டும் கேட்டார். அதற்கு வரம்பு எதுவும் இல்லை என்பதால் சரி என்றேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு முப்பத்தெட்டுப் பேரும் கூடினார்கள். மாலை வரை ஆட்டம் என்று ஏற்பாடு, மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லியிருந்தது. பிளம்பர் நான்கு மாதம் உழைத்து பி.வி.சி. குழாயிலும் தாளிலும் ஒரு டிராகன் செய்து மேசை நடுவில் நிறுத்தியிருந்தார். இறக்கை விரிந்தால் இரண்டு பேருக்கு முகம் தெரியாது. நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. விதிப்படி காலி நாற்காலியை நிரப்ப வேண்டியவன் லாந்தர். நான் உட்கார்ந்தேன்.

தலைவரின் வாள்வீரன் டிராகனை நோக்கி ஓர் உரை ஆற்றத் தொடங்கினான். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் பக்கத்தின் பாதியில், 'அறத்தின் பெயரால்' என்ற இடத்தில், என் முறை வந்தது. பகடையை உருட்டினேன்.

"அடி விழுந்துருச்சு. எவ்ளோ சார்?" என்றார் பிளம்பர்.

"அறுநூற்று நாற்பது."

"அறுபத்தி நாலுங்களா?"

"அறுநூற்று நாற்பது."

டிராகனின் உயிர் மொத்தமே அறுநூறு. மணி ஒன்பது பன்னிரண்டு. கூடத்தில் யாரோ சாப்பாட்டுக்காரருக்கு போன் செய்யலாமா என்று கேட்டது காதில் விழுந்தது. பிளம்பர் குழாய் இறக்கையை மெதுவாக மடக்கினார். முகம் சரியில்லை. ஆனாலும் மனிதர் முறை தவறவில்லை.

"கடைசி வாக்கியம் சொல்லுங்க."

குழு இங்கேதான் அதிகம் துருவுகிறது. நான் ஒளிக்க ஒன்றும் இல்லை. லாந்தர் மூன்று வருடங்களாக வாயைத் திறந்ததில்லை, அவனிடம் கைவசம் வாக்கியம் எதுவும் கிடையாது. அக்காவிடமோ ஒன்று சும்மா இருந்தது. அடுத்த மாதம் அவர் இங்கே இருக்கப்போவதில்லை. நல்ல வாக்கியம். ஆவியாகியிருக்கும்.

"முதலாளி அனுப்பி வெச்சார்," என்றேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் தேநீர்க் கெட்டிலோடு அக்கா நின்றிருந்தார். பிறகு முன்னால் வந்து என் கோப்பையில் ஊற்றினார். கோப்பை நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பைத் தாண்டி, தட்டைத் தாண்டி, மேசை மேல் ஓடி, லாந்தரின் தாளை நோக்கி வந்தது.

"அக்கா, நிரம்பிவிட்டது," என்றேன்.

"மிச்சம் சார். வீணாகக் கூடாது பாருங்க."

தாளைக் காப்பாற்ற அவசரமாகத் தூக்கினேன். அது என் தவறு. பதினோரு மடிப்பு, நடுநடுவே ஒட்டியது, மேசையிலிருந்து தரை வரைக்கும் விரிந்தது. எங்கள் நிலை அட்டவணை இருபதோடு முடிகிறது. மேலே உள்ளதை நானே வரைபடத் தாளில் கோடு போட்டு நீட்டியிருந்தேன். நிலை நாற்பத்தொன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு புள்ளி, யாரிடமிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு என்று ஒன்று விடாமல். முப்பத்தெட்டுப் பேரும் குனிந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். மச்சானுக்கு முதல் பக்கத்திலேயே கிடைத்தது.

"என் அஞ்சு இங்கதான் இருக்கா மச்சான்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்கா கெட்டிலை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஆகவே குழு கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆம். பத்து என்று நான் எழுதியபோது அக்காவின் அட்டை என் முன்னால்தான் இருந்தது. மூன்று ஞாயிறுகளில் பதினொன்று எடுத்திருந்தார். நான்காம் ஞாயிறு வந்தால் பன்னிரண்டு நிச்சயம். பன்னிரண்டு என்று வைத்திருந்தால் சரியாக முந்நூறு. ஐந்தாவது நாற்காலி நிரம்பியிருக்கும், லாந்தருக்கு இடம் இருந்திருக்காது. அத்தனை பேருடைய உழைப்பையும் மூன்று வருடம் சுமந்தவன் வாசலில் நிற்பதா? யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா பெருந்தன்மையானவர்.

பலகை விஷயம். 'லாந்தர்' என்ற பெயரை பிளம்பர் அழித்துவிட்டு, வாக்கியத்துக்குக் கீழே ஒரு கழுதையை வரைந்து வைத்திருக்கிறார். பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதலாமா என்று குழு என் கருத்தைக் கேட்டிருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை, இரண்டு புள்ளி குறைகிறது என்பதைத் தவிர. கழுதையின் காதுகளும் ஒரே நீளத்தில் இல்லை.

போன வாரம் மனைவி வீட்டில் ஒரு பிறந்தநாள். நான் கைகழுவி வருவதற்குள் மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டான். ஏழு துண்டும் ஏழு அளவு. குழந்தைகள் யாரும் அழவில்லை. கவனித்திருக்க மாட்டார்கள்.

அக்கா போன ஊரில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் ஒரு மேசை தொடங்கியிருக்கிறாராம். ஆறு பேர். வரம்பே கிடையாதாம், புள்ளியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொள்கிறார்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே கடிதம் போட்டேன். பதிவேட்டை நானே பார்த்துக்கொள்கிறேன், எனக்கென்று எதுவும் வேண்டாம், மேசை ஓரத்தில் யாராவது விளக்குப் பிடிக்க வேண்டியிருந்தால் மட்டும் சொல்லி அனுப்புங்கள் என்று எழுதினேன்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பாவம், எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.