சென்சர் களவு போகவில்லை

பெயர் மக்பூல் ஸஜ்ஜாத். வயது நாற்பத்திரண்டு. வசிப்பது ஹட்டனில். தொழில், வாகனங்களின் மின்சாரக் கோளாறு பார்ப்பது. நான் தமிழில் சொல்ல, தமிழிலேயே பதியப்படுகிறது.

றொசல்லைக்கு மேலே உள்ள வெள்ளிமலைத் தோட்டத்து முகாமையாளர் ஜீவராஜ் அவர்களின் கார் சாரதி நிரஞ்சனை எனக்குத் தெரியும். கடந்த ஜூலையில் அவர் அந்தக் காரை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் வண்டி, மூன்றாம் கியரிலேயே நின்றுகொண்டு மேடு ஏற மறுத்தது. கியர்பெட்டி எண்ணெயின் அழுத்தத்தை அளக்கும் சென்சரில் பிழை என்று ஸ்கேனர் காட்டியது. ஸ்கேனர் சொன்னதற்காகவே சாமானை மாற்றுகிற ஆள் நானில்லை. ஆகவே கேஜ் பூட்டி அழுத்தத்தை நேரடியாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. அதன் பிறகு சென்சரைச் சோதித்தேன், அது அடியோடு செத்திருந்தது. புதியதைப் போட்டு, பழையதை நிரஞ்சனிடமே கொடுத்து அனுப்பினேன்.

சில நாட்கள் வண்டி நன்றாக ஓடியிருக்கிறது. அதன் பிறகு காலை வேளைகளில் அதே பிழை வரத் தொடங்கியது. நிரஞ்சன் புதிய சென்சரை விற்றுவிட்டுப் பழையதைத் திரும்பப் பூட்டியதாக முகாமையாளர் முடிவுகட்டினார். பழையதைக் காட்டச் சொன்னபோது நிரஞ்சன் எறிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்தி, சாரதி வீட்டையும் விடச் சொல்லி, இந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடும் கொடுக்கப்பட்டது.

முகாமையாளர் தானே காரை ஓட்டி என்னிடம் வந்தார். பார்த்தால் பிழை இல்லை. மறுபடியும் வந்தார், அப்போதும் இல்லை. "வண்டியில இருக்கிற சாமான் காலையில பழசாகவும் ஹட்டனுக்கு வந்தா புதுசாகவும் இருக்குமா சேர்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, பொலிஸ்ல சொல்லியாச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட, அது ஏன் அப்படிச் செய்கிறது என்ற ஆவல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகு, நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முகாமையாளரிடம் சொல்லிவிட்டு, கடந்த சனிக்கிழமை காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். நல்ல குளிர். நிரஞ்சனையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் பங்களா வாசலுக்கு வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். ஸ்கேனரைப் போட்டேன், பிழை காட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சென்சருக்குப் போகும் வயரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே மெழுகு போல வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. விரலில் எடுத்தேன், உருகியது. மோந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய்.

பிளக்கின் ஊசி ஒன்று சற்றுத் தளர்ந்திருந்தது. குளிரில் எண்ணெய் உறைந்தால் அங்கே தொடர்பு விட்டுப்போகும், இஞ்சின் சூட்டில் இளகினால் திரும்ப வரும். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பிளக்கைக் கைக்குள் பொத்திச் சூடாக்கி மாட்டினேன். ஸ்கேனரில் பிழையை அழித்தபோது அது திரும்ப வரவில்லை. அதே சென்சர் சரியான அளவைக் காட்டியது. செத்த சென்சர் கைச் சூட்டுக்கு எழும்பாது. வண்டியில் இருப்பது நான் போட்ட புதியதுதான்.

"எண்ணெய் யாருங்க பூசினது?" என்று கேட்டேன். முகாமையாளர் குனிந்து பிளக்கைப் பார்த்தார். பிறகு, "புதுசு போட்ட பிறகு மழைத்தண்ணி போயிடக் கூடாதுன்னு நான்தான் தடவினேன்" என்றார். அதன் பிறகு ஊசியை இறுக்கி, பிளக்கைத் துடைத்துக் கொடுத்தேன்.

முகாமையாளர் கேட்டுக்குப் போய், "சரி நிரஞ்சன், முறைப்பாட்ட வாபஸ் வாங்கிடுறேன், இதோட விட்டுடுவோம்" என்றார். அதற்கு நிரஞ்சன், "மன்னிச்சு விட்டுட்டீங்கன்னுதான் லயத்து வீடுகள்ல பேசுவாங்க சேர். எடுக்கலன்னு யாரு சொல்வாங்க?" என்று கேட்டார். 

ஆகவே முறைப்பாடு வாபஸ் ஆனாலும் இதைப் பதியும்படி நானாகக் கேட்டு வந்திருக்கிறேன். நிரஞ்சன் அந்தச் சென்சரை எடுக்கவில்லை.

மேலே உள்ளது நான் கண்ணால் கண்டதும் கையால் செய்ததும் காதால் கேட்டதும்தான், பொய் கலக்கவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், திருத்த ஒன்றுமில்லை.

(ஒப்பம்) ம. ஸஜ்ஜாத்