இணைப்பு அறுபடவில்லை

இந்த மனிதர் காப்பியில் நான்கு பொட்டலம் சர்க்கரை கொட்டுகிறாரே, பல் என்னத்துக்கு ஆகும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் மாவட்ட நிர்வாகத்தின் வக்கீல் ப்ரூயிட். மேசையில் ஒரு தாள், தாளின் மேல் பேனா. ஜனெல் டால்பெர்ட் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஆளைவிட மாடு அதிகமுள்ள மாவட்டம் எங்களுடையது. அதற்கு இருபத்திரண்டு வருடமாக வரைபடம் போடுகிறவள் நான். முன்பெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு சாலையைத் திருத்தினால் அது அங்கேயே நின்றுவிடும். பக்கத்து அறையில் அவசர அழைப்பு எடுக்கிறவர்கள் போன வருடத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை மாற்றியவள் நான்தான். சாலைத் தகவலை இணையத்தில் ஒரு சேவையாக ஏற்றி, மேசைக் கம்ப்யூட்டர்களின் வரைபட மென்பொருளை அதோடு இணைத்தேன். சேவையின் முகவரி, கடவுச்சொல், பத்து வினாடிக்கு ஒரு முறை புதுப்பி என்று ஒரு கட்டளை. அவ்வளவுதான். நான் ஒரு கோடு போட்டால் அழைப்பு அறையிலும் ஆம்புலன்சிலும் வேட்டைக்கு வருகிறவர்களின் கைபேசியிலும் அது தெரியும். ஆம்புலன்ஸ் போகும் இடமும் என் திரையில் நீலப் புள்ளியாக நகரும். முதல் நாள் அந்தப் புள்ளியை மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

வேட்டைக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து மெரில் டால்பெர்ட்டின் நிலத்துக்குள் போனது உண்மை. மாட்டுப்பட்டிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதும் உண்மை. மெரில் ஒவ்வொரு வருடமும் சேற்றுக் காலணியோடு எங்கள் கவுன்டருக்கு வருவார்.

“என்ன, மேப்பு மகாராணி, சௌக்கியமா? என் ரோட்டை ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டே இருக்கீங்க. நாளைக்கு எங்க வீட்டுக் கக்கூசையும் போடுவீங்களா?”

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள்.

“அது பதிவான சாலை, மெரில்.”

“பதிவாவது ஒண்ணாவது. எடுத்துத் தொலைங்க. நான் அங்க இருக்கேன்னு ஒருத்தனுக்கும் தெரிய வேணாம்.”

அவர் மனைவி ஜனெல் பின்னால் நின்று கண்ணாலேயே மன்னிப்புக் கேட்பாள். ஒரு முறை தனியாக வந்து, வீட்டில் சுட்ட ரொட்டி ஒன்றை வைத்துவிட்டு, “அவரு பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க, நோரீன்” என்றாள். நான் வைத்துக்கொள்ளவில்லை. ரொட்டி நன்றாக இருந்தது.

இந்த அக்டோபரில் மெரில் கேட்டதைச் செய்தேன். சாலையை அழிக்கவில்லை. நான் எதையும் அழிக்கிறவள் இல்லை. சேவையில் வடிகட்டி என்று ஒன்று உண்டு. ‘டால்பெர்ட் சாலை தவிர மற்றவற்றைக் காட்டு’ என்று அதில் ஒரு வரி எழுதினேன். பத்து வினாடியில் எல்லாத் திரைகளிலும் அது மறைந்தது. அழைப்பு அறைக்குச் சொல்லவில்லை. ஒருத்தனுக்கும் தெரிய வேண்டாம் என்றுதானே சொன்னார்.

நவம்பர் ஒன்பது, பிற்பகல் இரண்டு பத்து. அழைப்பு அறையின் கதவு திறந்திருந்தது. ஜனெலுக்கு மூச்சு வரவில்லை என்று மெரிலின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. உள்ளே கோரா மட்டும் இருந்தாள், வேலைக்கு வந்து ஐந்து வாரமான வெளியூர்ப் பெண்.

“எந்த ரோடு சொன்னீங்க, சார்? அப்படி ஒண்ணு இங்க காட்டலையே.”

“டால்பெர்ட் ரோடும்மா. நாப்பது வருஷமா இங்கதான் கெடக்கேன். கிடங்கைத் தாண்டி…” லைன் விட்டுவிட்டு வந்தது. அந்தச் சாலை பிரியும் முனையில் இருந்த பெயர்ப்பலகையை அவரே என்றோ பிடுங்கிப் போட்டிருந்தார்.

கோரா தலையை நீட்டினாள். “நோரீன், டால்பெர்ட் ரோடுன்னு ஒண்ணு இருக்கா?”

“மேப்புல இருக்கறதுதான் இருக்கு” என்றேன்.

பக்கத்து ஊரிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் அது. நீலப் புள்ளி அந்த முனையைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டியது. அந்த ஒரு வரியை எடுக்க ஒரு சொடுக்கு போதும். மவுஸ் என் கைக்குள்தான் இருந்தது, வெதுவெதுப்பாக. மெரில் சாலையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். முப்பத்தெட்டு நிமிடம் கேட்டேன். அதன் பிறகு, அழைப்பு அறையில் சத்தம் நின்ற பிறகு, வடிகட்டியை எடுத்தேன். சாலை வந்தது, ஒரு வளைவும் பிசகாமல்.

ப்ரூயிட் தாளை என் பக்கம் தள்ளினார்.

“இதுல ஒண்ணுமே இல்லை, நோரீன். அந்த நேரத்துல இணைப்பு விட்டுப்போச்சு, ரோடு முழுசா வந்து சேரலை. பழி மெஷின் மேல. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. ஒரே ஒரு கையெழுத்து.”

படித்தேன். ‘இணைப்புக் கோளாறு’ என்று மூன்று இடத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை.

பேனாவின் மூடியைப் போட்டு, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

“மன்னிக்கணும். பொய்யில நான் கையெழுத்துப் போடறதில்லை” என்றேன். “அன்னிக்கு என் இணைப்பு ஒரு வினாடிகூட விடலை.”