ஸ்டூலுக்கு அடியில் ஓர் அட்டை

முதன்முதலாக மரவேலை செய்து பார்க்க நினைப்பவர்கள் ஸ்டூலில்தான் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நாற்காலிக்குப் போகக் கூடாது. நாற்காலிக்கு முதுகு உண்டு, சாய்வு உண்டு. புதுக் கை அங்கே தடுமாறிவிடும். ஸ்டூல் என்றால் நாலு கால், மேலே ஒரு பலகை, கால்களைச் சேர்த்துப் பிடிக்கக் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். ஒரு ரம்பம், ஒரு ட்ரில், கொஞ்சம் பசை, உப்புத்தாள் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். நீங்களும் செய்து பார்க்கலாம் மேடம். மனசுக்கு நல்லது.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அவசரப்படுத்தாமல் இருக்கிறீர்கள், அதற்கு நன்றி. என் வீட்டிலிருந்து எடுத்துவந்த ஸ்டூலையும் எதிரே வைத்திருக்கிறீர்கள். அது நான் செய்த முதல் சாமான். அதைப் பார்த்துக்கொண்டே எழுதினால் எதுவும் விட்டுப்போகாது.

நான் தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். என் மேசைக்கு வரும் குழாயைத் தண்ணீரில் மாட்டித் திறந்து மூடுவேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியதும் அதைச் செய்தவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்பான். "நான் சரியாத்தான் செஞ்சேன் சார், மெஷின்தான் சரியில்ல" என்பான். ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். இந்தச் சப்பைக்கட்டு எனக்கு அறவே ஆகாது. வேலையில் குறை வந்தால் மனிதன் தன் கையைப் பார்க்க வேண்டும். இதை நான் அடுத்தவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் இல்லை. எனக்கும் இதே சட்டம்தான்.

மரவேலையை ஆரம்பித்துவைத்தவள் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுமுறை நாட்களில் வீட்டில் இருந்தால் என் கண் சும்மா இருக்காது. மடித்த துணியின் ஓரம் சேரவில்லை, சுவரில் படம் சாய்ந்திருக்கிறது என்று ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் ஒரு நாள் கடைக்குப் போய் ட்ரில்லும் ரம்பமும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். "கையில வேலை இருந்தா வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்ல" என்று சிரித்தாள். அதில் தப்பாக எதுவும் இல்லை. அவள் அப்படிப் பேசக்கூடியவள்தான்.

ஸ்டூலைச் செய்து முடித்துச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். மேலே கையை ஊன்றினேன். டக்கென்று ஒரு பக்கமாக ஆடியது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலி சோப்பு டப்பாவைக் கிழித்து, இரண்டாக மடித்து, குனிந்து ஒரு காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றுவிட்டது.

"தரைதாங்க மேடும் பள்ளமுமா இருக்கு. உங்க ஸ்டூல் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

குழந்தை தடுக்கி விழுந்து அழுதால், "தரைதான உன்னைத் தள்ளிவிட்டுச்சு" என்று தரையை இரண்டு தட்டுத் தட்டுவார்களே, அந்தக் குரல். எனக்குச் சுருக்கென்றது.

ஸ்டூலைப் பிரித்தேன். நாலு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். இம்மி பிசகவில்லை. மறுபடி பூட்டிக் கொண்டுபோய் வைத்தேன். மறுபடி ஆடியது. என் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். தரையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு நேரான கட்டையைப் போட்டுப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. ஆனால் தன் கையை விட்டுவிட்டுத் தரையைக் குற்றம் சொல்ல நான் அந்த மெஷின்காரர்களைப் போன்ற ஆள் இல்லை. அதனால் பார்க்கவில்லை.

அதன்பிறகு செருப்பு வைக்கும் ஸ்டாண்டு, டீப்பாய், புத்தக அலமாரி, ஜன்னலோரத்தில் ஒரு பெஞ்ச் என்று வரிசையாகச் செய்தேன். மாலையில் செய்து வைப்பேன். காலையில் எழுந்து பார்த்தால் அதன் காலுக்கு அடியில் மடித்த அட்டை இருக்கும். வைக்காதே என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். நான் எடுத்துப் போட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டால், "ஆடுச்சுங்க, டீ சிந்திடும்னு வச்சேன்" என்பாள். நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், எங்கள் வீட்டில் ஒரு நாளும் சத்தம் வந்ததில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மைத்துனர், ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். பெஞ்சைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல உட்காரலாமா, இல்ல இன்சூரன்ஸ் எடுத்துட்டு வரவா?" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் கையில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இருண்ணா. அவரு இப்பதானே கத்துக்கிறாரு" என்றாள்.

அப்போது எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய சாமான்களைவிட நான் செய்தவைதான் அதிகம். பசை காய்வதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனாலும் நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அன்று மைத்துனருடன் நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அவள் கேட்டுக்கொண்டிருந்த படி ஸ்டூலைப் பற்றி யோசித்தேன்.

சமையலறைக்கு மேலே ஒரு பரண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவள் அதில் ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் நாற்காலியைப் போட்டு அதன் மேல் எக்கி நிற்பாள். "ரெண்டு படி வச்சு ஒரு ஸ்டூல் பண்ணித் தாங்களேன், கால் நடுங்குது" என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரணுக்கு எதிர்ப்பக்கம், ஏறி நிற்பவரின் முதுகுக்குப் பின்னால், சமையல் மேடையின் கல் விளிம்பு இருக்கிறது. நான் எதையும் அளந்துதான் செய்வேன். அதையும் அளந்தேன்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. படிப் பலகையைப் பக்கச் சட்டத்தில் காடி வெட்டி, அதாவது நீளமாகப் பள்ளம் எடுத்து, அதில் உட்காரவைக்க வேண்டும். அப்போதுதான் ஆளின் பாரத்தைக் கட்டை தாங்கும். புதியவர்கள் காடி வெட்டச் சோம்பல்பட்டு, பலகையின் முனையில் இரண்டு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நார் ஓடும் திசையிலேயே ஸ்க்ரூ இறங்கினால் மரம் அதைப் பிடித்துக்கொள்ளாது. கொஞ்ச நாள் தாங்கும். ஏறி இறங்க இறங்க உள்ளே தளர்ந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது.

நான் அந்தத் தப்பைத் தெரிந்தே செய்தேன். மேல் படிக்கு மட்டும். ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டேன், பசை தடவவில்லை, மரத்தூளைக் குழைத்து அடைத்துத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். கீழ்ப் படிக்குக் காடி வெட்டி ஒழுங்காகவே பூட்டினேன். கீழ்ப் படியைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். படி ஸ்டூலைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கதவருகே நின்றுகொண்டேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க" என்றாள். கையை ஊன்றிப் பார்த்தாள். அது லேசாக ஆடியது. அப்படியே விட்டிருந்தால், உண்மையாகச் சொல்கிறேன், ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவள் குப்பைக் கூடையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். கிழித்தாள். மடித்தாள். குனிந்தாள்.

நான் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அதில் பல தடவை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் "இப்ப எவ்வளவு வசதியா இருக்கு தெரியுமா" என்பாள். அவளுக்கு அது உபயோகமாக இருந்தது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

அன்று மதியம் நான் கூடத்தில் உட்கார்ந்து ஒரு புதுப் பலகைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். என் பழைய போர்வையைப் பரணிலிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னாள். எனக்குச் சளி பிடித்திருந்தது. ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு மரம் விடுபடும் சத்தம். பிறகு இன்னொரு சத்தம், அது மரத்தின் சத்தம் இல்லை. கொஞ்சம் பொறுத்து "என்னங்க" என்று கூப்பிட்டாள். திரும்ப ஒரு தடவை கூப்பிட்டாள். அந்தத் தடவை குரல் மெதுவாக வந்தது.

கையில் இருந்த பலகையைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் வார்னிஷ் அடிக்கும்போது திட்டுத் திட்டாகத் தெரியும்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். நீங்களே அன்று வீட்டுக்கு வந்து உடைந்த படியைத் திருப்பிப் பார்த்தீர்கள். "புதுசா செய்றவங்க வழக்கமா பண்ற தப்பு. இனிமே இதெல்லாம் கடையில வாங்கிக்குங்க சார்" என்று என் தோளில் கை வைத்தீர்கள். விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். மைத்துனர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தங்கையைப் பறிகொடுத்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார். "உங்க மேல தப்பில்ல மாப்ள. பாவம், கத்துக்கிட்டிருந்த ஆளு, உங்களுக்கு என்ன தெரியும்" என்றார். மாடி வீட்டுக்காரரும் அதையே சொன்னார். தொழிற்சாலையிலும் சொன்னார்கள். நான் ஒதுக்கிய குழாய்களைச் செய்தவர்களெல்லாம் வரிசையாக வந்து, "மனசு விட்டுறாதீங்க சார், எல்லாருக்கும் தப்பு நடக்கும்" என்றார்கள். அவர்கள் கண்ணில் இருந்ததைப் பார்த்தேன். ஒருத்தி சொன்னதை ஊரே சொல்லத் தொடங்கிவிட்டது.

அதனால்தான் நானாக உங்களைத் தேடி வந்தேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை. மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். உறுத்தல் என்று சொல்ல முடியாது. ஒரு பதிவு தப்பாக இருந்தால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படி தெரியாத்தனத்தால் கழன்றது இல்லை. எனக்குக் காடி வெட்டத் தெரியும். உங்கள் எதிரே இருக்கும் ஸ்டூலின் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். முதல் வேலையிலேயே நகம் நுழையாத அளவுக்கு இணைப்புப் போட்டவன் நான்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அதையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"வீட்டைச் சோதனை போட்டப்ப எல்லா அட்டையையும் எடுத்தோம். நீங்க செஞ்ச சாமானுக்கு அடியில இருந்துச்சு, சரி. பீரோவுக்கு அடியிலயும் இருந்துச்சு. ஃப்ரிட்ஜுக்கு அடியில இருந்துச்சு. கட்டிலுக்கு ரெண்டு கால்ல இருந்துச்சு. அதெல்லாமும் நீங்க செஞ்சதா?"

இல்லை என்றேன். அவை கடையில் வாங்கியவை. மரவேலை தொடங்குவதற்கு ரொம்பக் காலம் முன்பே, எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வாங்கியவை. அவற்றின் அடியில் நான் குனிந்து பார்த்ததே இல்லை. மற்றவர்கள் செய்ததைப் பற்றி எனக்கென்ன.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்துபோய் ஸ்டூலின் மேல் கையை ஊன்றினேன். ஆடவில்லை. மறு மூலையில் ஊன்றினேன். நாலு மூலையிலும் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். அட்டை எதுவும் இல்லை. உங்கள் அறைக்குப் புதுத் தரை போட்டிருக்கிறார்கள், மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சமமாக இருக்கிறது.

எவ்வளவோ நாளைக்குப் பிறகு எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஸ்டூலில் குறை இல்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் சொன்னது நிஜமாகவே தரையைத்தான் என்று இப்போது தெரிகிறது. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.