மூண்டு தரம் மினுங்கின லைற்

லைற்றில பிழையில்லையெண்டு சும்மா சொல்லாதையும், தம்பி! ஒரு மாதமா உந்த லைற்றோட மாரடிக்கிறவன் நான். நீர் கார்ச் சில்லைக் கழட்டும்... கழட்டிக்கொண்டே கேளும். பதினொண்டேகாலுக்குப் பிள்ளைக்குக் கலியாண எழுத்து, கலியாணப் பதிவு, யாழ்ப்பாணத்தில. இப்ப பத்து மணி. நாங்கள் இன்னும் வேலணையைத் தாண்டேல்லை. துஷாந்தினி சோடிச்சபடி தாயோட காருக்குள்ள வேர்க்க வேர்க்க இருக்கிறாள். நான் பட்டுவேட்டியோட உம்மடை பழைய ரயருக்கு மேல குந்தியிருக்கிறன். நல்ல வடிவு!

டாஷ்போட்டில ஒரு படம் வரும் கண்டீரோ... வாய் பிளந்த பானை, அதுக்குள்ள ஒரு ஆச்சரியக்குறி. யப்பான்காரன் என்னைப் பாத்து ஆச்சரியப்படுறானாம்! காலியில இருவத்திரண்டு வருசம் கடை நடத்தின இராசநாயகத்துக்கு ஒரு பானை வந்து புத்தி சொல்லுது.

கனடாவில இருக்கிற மோன் கீர்த்திகனுக்குக் கோல் எடுத்தன். ‘அப்பா, அது ரயரில காத்துக் குறைஞ்சா வாற லைற். முதல்ல காத்தைப் பாத்துச் சரியா அடியுங்கோ. பிறகு ஸ்ரியறிங்குக்குக் கீழ ஒரு பட்டன் இருக்கு, லைற் மூண்டு தரம் மினுங்கும்மட்டும் அமத்திப் பிடியுங்கோ’ எண்டான். அவன் சொன்னதில முதற்பாதி எனக்குக் கேக்கேல்லை, லைன் இரைஞ்சுது... சரி சரி, இரையேல்லை. நாரந்தனையில இருந்து காத்தடிக்க ஆர் இவ்வளவு தூரம் வாறது? இரண்டாம் பாதி லேசு. அமத்தினன், மூண்டு தரம் மினுங்கிச்சுது, அணைஞ்சுது. பிறகென்ன, விடிய விபூதி பூசுவன், பட்டனை அமத்துவன். இண்டைக்கும் அமத்திப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்.

என்ன? அமத்தினா, இருக்கிற காத்துத்தான் சரியான காத்தெண்டு கார் நினைக்குமோ? ஓகோ! அப்ப ஒரு மாதமா நான் அதுக்குப் பொய் படிப்பிச்சிருக்கிறன். நல்லது, என்ரை பிள்ளையளைவிடச் சொன்னது கேக்குது.

எனக்கெண்டா இது கண்ணூறு, தம்பி. ஆர்ரை கண்ணெண்டும் தெரியும். அப்புத்துரை! முன்வீடு, என்ரை பெரியப்பான்ரை மோன். வான் ஒண்டு வைச்சிருக்கிறார். அதைத் தன்ரை படலையடியில திருப்ப ஏலாதாம் மகாராசாவுக்கு, என்ரை வேலி மூலையிலதான் திருப்புவார். வேலிக்கு நட்ட ரெண்டு கதியால் சரிஞ்சுபோச்சு. கேட்டன். ‘கதியால்தானே, திரும்ப நட்டா முளைக்கும்’ எண்டார். அண்டையோட கதை பேச்சில்லை. எழுத்துக்கும் சொல்லேல்லை. ‘சொந்தப் பெரியப்பாக்குச் சொல்லாமல் எனக்கென்ன எழுத்து’ எண்டு பிள்ளை மூண்டு நாள் அழுதவள். அழட்டும் எண்டு விட்டிட்டன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கெல்லோ?

என்ன கிடக்கு? ஆணியோ? தீவுறோட்டில ஆணிக்கென்ன பஞ்சம்... ஆணித் தலையில ஏதோ கிடக்கோ? செருப்புத் துண்டோ? நீலமோ?

உதை அங்கால வையும்.

மற்றச் சில்லிலயும் அதே நீலமோ... தம்பி, மெல்லமாக் கதையும், பிள்ளைக்குக் கேட்கப்போகுது.

சரி, என்ரை செருப்புத்தான். துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்டிலயும் ஒரு ஆணியைக் குத்தி, முனை மேல பாக்க அந்த வேலி மூலை மணலுக்குள்ள வைச்சனான். பன்னிரண்டு. அப்புத்துரையின்ரை வானுக்கு வைச்சது! சிரியாதையும். நான் ஏன் அதில போனனானோ? நல்ல கேள்வி. மூலை என்ரையெண்டு ஊருக்குக் காட்டவேண்டாமோ? அதுதான் ஒவ்வொரு நாளும் அதிலதான் காரைத் திருப்பினனான். ஆணி இருக்கிற இடம் எனக்குத் தெரியும்தானே, விலத்தி விலத்தித் திருப்பினன். மாரி மழை மணலை அரிச்சு ஆணியளை இடம் மாத்துமெண்டு நான் கண்டனானோ?

எவ்வளவு நேரம் செல்லும் ஒட்ட? முக்கால் மணித்தியாலமோ! ஐயோ, நேரம் தப்பிப்போகுமே... நல்ல நேரம் பாத்துத் தந்த ஐயருக்கு என்ன சொல்லுறது? மாப்பிள்ளை வீட்டுக்கு? ஆணி வைச்சனான், அதில நானே ஏறினனான் எண்டோ?

ஆர்ரை ஹோண் அது... முருகா! அப்புத்துரையின்ரை வான். பிள்ளை கோல் எடுத்திருக்கிறாள்போல. பாரும், இறங்கி ஓடுறாள். பின்னால என்ரை மனிசி அன்னபூரணமும்! என்னை ஒரு பேச்சுக் கேட்டினமோ?

‘ஓம் அண்ணை... இல்லையண்ணை, ஒரு சின்ன முள்ளு...’

கேட்டனீரே அவர் சொன்னதை? ‘நீ குந்தியிருந்து செருப்பு வெட்டினதை அண்டைக்கே வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால பாத்தனான். அதுதான் இவ்வளவு நாளும் கோயிலடிமட்டும் போய்த் திருப்பிறனான்’ எண்டு. ஒரு மாதமா, தம்பி! ஒரு மாதமா என்ரை ஆணிக்கு மேல நான் ஒருத்தன்தான் ஓடியிருக்கிறன். எனக்கு வெக்கமாக் கிடக்கு.

‘அண்ணை... பிள்ளைக்கு எழுத்து. பதினொண்டேகாலுக்கு. வீட்டை வந்து முறையாச் சொல்லியிருக்கவேணும்... நீங்களும் அண்ணியும் வரவேணும்.’

அண்ணி உள்ளுக்க சீலையோட ஆயத்தமா இருக்கிறா, பாருமன்! முன்கதவைத் திறந்து விடுறார், என்னை ஏறட்டாம்.

காரை ஒட்டி, காத்தை அடிச்சு வையும். பட்டனை நீரே அமத்தும், என்னை நம்பாதையும். உந்த ரெண்டு ஆணியையும் இஞ்ச தாரும். எறியாதையும், எனக்குப் பன்னிரண்டுக்கும் கணக்கு வேணும். பின்னேரம் எங்களை இறக்கிவிட அவர் அந்த மூலைக்குத்தான் வருவார். அதுக்கு முன்னம் ஓட்டோவில ஓடிப்போய் மிச்சப் பத்தையும் கிண்டி எடுக்கவேணும்.