துண்டு தொங்கும் வால்வு

ரேடியேட்டர் என்றால் இந்த ஊரில் எல்லோரும் காரைத்தான் நினைக்கிறார்கள். விசாரணைக்கு வந்த நீங்களும் முதல் நாள் எந்த வண்டியில் விபத்து என்றுதான் கேட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, ஐயா. யங்கோனில் வீட்டைச் சூடாக்க யாருக்குப் பைத்தியம்? ஆனால் லைங் தாயாவில் எங்கள் தொழிற்சாலை குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பஞ்சுக் கோட்டுகள் தைத்து, துவைத்து அனுப்புகிறது. மழைக்காலத்தில் இங்கே ஒரு கைக்குட்டை காய்வதற்கே மூன்று நாள் ஆகும். அதனால் உலர்த்தும் கூடத்தின் சுவரோரம் இருபத்திரண்டு ரேடியேட்டர்கள் வைத்திருக்கிறார்கள். பாய்லரிலிருந்து வெந்நீர் சுற்றிவந்து அவற்றைச் சூடாக்கும். இருபத்தாறு வருடமாக அந்த வெந்நீர் என் சொல் கேட்டுத்தான் ஓடியது.

என் பெயர் நல்லப்பன், வயது ஐம்பத்தொன்பது. பர்மிய மொழி பேச எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுதத்தான் வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன், ராதா டீச்சர் மொழிபெயர்க்கட்டும். பாய்லரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் நிர்வாகத்தைவிட அவர் எவ்வளவோ மேல்.

திங்யான் என்கிற புத்தாண்டு விடுமுறையில் ஊரே தெருவில் நின்று தண்ணீர் ஊற்றி விளையாடும். நாங்கள் குழாய்களுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவுவோம். வெந்நீரில்தான் கழுவ வேண்டும், பச்சைத் தண்ணீருக்கு உள்ளே இருக்கும் சேறு அசையாது. கழுவும்போது ரேடியேட்டரின் தலைப்பக்கம் காற்று சேரும். அதை வெளியேற்ற அங்கே ஒரு சின்ன காற்று வால்வு உண்டு. வருடம் முழுக்க யாரும் தொடாததால் நாலைந்து வால்வுகள் துருவும் உப்பும் ஏறி இறுகிப் போயிருக்கும்.

இறுகிய வால்வைக் கண்டால் மடையன் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி இழுப்பான். வால்வு முறியும், அவன் பேந்தப் பேந்த விழிப்பான். முறைப்படி முதலில் அந்த வரிசைக்குத் தண்ணீர் போகும் வால்வையும் திரும்பும் வால்வையும் மூட வேண்டும், உள்ளே இருப்பதை வடிக்க வேண்டும், எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். பிறகு மயிரிழை அளவு இறுக்கி, அதன் பின்னால் தளர்த்த வேண்டும். மரை தேய்ந்திருந்தால் முழுதாகக் கழற்றிப் புதிது போட வேண்டும். இவ்வளவுதான். இதை எங்கள் ஆட்களின் மண்டையில் ஏற்ற இருபத்தாறு வருடம் போதவில்லை.

மூடுவதும் வடிப்பதும் என் வேலை. கூடத்தின் மறுகோடியில்தான் அந்த வால்வுகளும் வரிசையை வடிக்கும் குழாயும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் என் சிவப்புத் துண்டை அந்த வால்வைத் திருகும் சக்கரத்தில் போடுவேன். துண்டு தொங்கினால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ரேடியேட்டரின் இரும்பு நெடுநேரம் சூடாகவே இருக்கும், தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதன் அடியில் உள்ள சின்ன வடிகுழாயைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒருமுறை எங்கள் ஆட்களில் தேவராஜ் என்பவன் அப்படித் திறந்து பார்த்தான். என் துண்டு தொங்கும்போது. ஒரு மாதம் அவனோடு நான் பேசவில்லை, டீக்கடையில் மற்றவர்களும் அவன் மேசையில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு எவனும் வடிகுழாயைத் தொட்டதில்லை.

கார்த்திகேசன் போன வருடம் எங்களுக்கு மேற்பார்வையாளனாக வந்தான். அப்பா தமிழர், அம்மா பர்மியர், ஊர் கியாக்தான். நாற்பது வயது, டிப்ளமோ. எனக்கு மேலே இருந்தும் என்னை ஊலே என்றுதான் கூப்பிட்டான், மாமா என்கிற மாதிரி. குனிந்துதான் பேசுவான். அறிவில்லாதவன் என்று சொல்ல மாட்டேன். இருந்தது, அதுதான் தொந்தரவு. ஒரு கூட்டத்தில், துண்டை யார் வேண்டுமானாலும் போடலாம், இனி ஒவ்வொரு வால்வுக்கும் பூட்டு, வேலை செய்கிறவன் பையில் சாவி என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, ஊலேயைச் சொல்லவில்லை என்று இளித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். என் துண்டைக் கண்ணால் பார்த்துப் பிழைத்த அத்தனை தலைகளும். விடுமுறை முடிந்ததும் பூட்டுகள் வருவதாக இருந்தது.

விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில் பதினான்காம் ரேடியேட்டரின் வால்வு அசைய மறுத்தது. ஆட்கள் குறைவு, தானே கழற்றுவதாகச் சொல்லி கார்த்திகேசன் சுவருக்கும் துணி தொங்கவிடும் சட்டத்துக்கும் நடுவில் நுழைந்தான். நான் மறுகோடிக்குப் போனேன். துண்டைப் போட்டேன்.

அவன் எண்ணெய் விட்டான், டீ குடித்தான், வந்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. நானும் அதற்குள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றேன். உட்கார்ந்தவன் வடிகுழாயின் மேல் கை வைத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டான்.

"ஊலே மூடியாச்சுன்னா நான் தொறந்து பாக்க வேணாமில்ல?"

"துண்டு தொங்குதில்ல," என்றேன்.

சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான். வடிகுழாயை ஒரு திருகு திருகியிருந்தால் அவன் இன்றைக்கு உங்கள் முன் உட்கார்ந்திருப்பான். என் மனம் நோகக் கூடாதென்று திருகவில்லை. ஊரார் உயிருக்கெல்லாம் பூட்டு வாங்கப் புறப்பட்டவனுக்குத் தன் உயிரைவிட ஒரு கிழவனின் முகக்கோணல் பெரிதாகப் போயிற்று. அப்படிப்பட்டவன் கையில் இருபத்திரண்டு ரேடியேட்டரை எப்படிக் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

கழுவும்போது பம்பு முழு வேகத்தில் ஓடும். வால்வு கையோடு வந்தது. வெந்நீர் முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது. பின்னால் நகர அங்கே இடம் கிடையாது. நான் சக்கரத்துக்கு நடந்து போனேன். ஈரத்தரையில் ஓடக் கூடாது, அது விதி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வால்வை மூடினேன். கத்தல் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அவன் மனைவி மஞ்சுளா வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஊலே மேல தப்பில்ல, நான்தான் என்னமோ தப்பாக் கழட்டிட்டேன்னு சொல்லிட்டே இருந்தாரு. நீங்க ஓடிப்போய் மூடலன்னா அங்கயே போயிருப்பாராம்." அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாகும்போதும் மரியாதை விடாத அந்த மனிதன்மேல் எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்க மாட்டேன்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் உங்கள் அறிக்கையை ஆபீஸ் குமாஸ்தா இப்ராஹிம் எனக்கு வாசித்துக் காட்டினான். முதுமையினால் ஏற்பட்ட மறதி, வால்வை மூடாமல் துண்டைப் போட்டுவிட்டார், தண்டனை வேண்டாம், ஓய்வு கொடுத்து அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகமும் ஒத்துக்கொண்டதாம். கேண்டீன்காரி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாள். தேவராஜ் என் தோளில் கை வைத்து, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் என்கிறான். தேவராஜ்.

ஐயா, வால்வை மூடாமல் நான் மறந்து துண்டு போட்டது ஒரு நாளும் கிடையாது. அன்றைக்குச் சக்கரத்தின் மேல் கை வைத்தேன், அது முழுக்கத் திறந்திருக்கிறது என்று பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டுத்தான் துண்டைப் போட்டேன். அவன் கேட்டபோதும் எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆகவே மறதி என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதை உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளலாம்.